தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கருவியும்: அமெரிக்க மானியம் வாங்க முழு வழிகாட்டி

பென்சில்வேனியாவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில் ஒரு வீடு தீப்பிடித்தால் ஓடி வருகிறவர்கள் யாரும் அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. ஒருவர் பிளம்பர். ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒரு பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பேஜர் கூவியதும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார்கள். அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்களில் சுமார் 65 சதவீதம் பேர் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியை ஆரம்பித்த காலத்து வழக்கம் இது. சிற்றூர்களில் இன்றும் அப்படியே ஓடுகிறது.

நான் குழாய் பிடிப்பவன் இல்லை. நிர்வாக உறுப்பினராகச் சேர்ந்து நிலையத்தின் கணக்கையும் மானிய விண்ணப்பங்களையும் பார்த்துக்கொள்கிறேன். பல நிலையங்களில் ஆள் கிடைக்காமல் தவிக்கும் வேலை இதுதான். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் தீயோடு போராடிவிட்டு வருகிறவரிடம் முப்பது பக்க விண்ணப்பத்தை நீட்ட முடியுமா? அமெரிக்காவில் வாழும் தமிழர்களான நம்மில் பலருக்கு எக்செல் அட்டவணை தண்ணீர் பட்ட பாடு. உங்கள் ஊர் நிலையத்தின் கதவைத் தட்டி, "எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டவர்களுக்கும், கேட்க நினைப்பவர்களுக்கும் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகான ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் மானியம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், விண்ணப்பத்தைத் தாங்கிப் பிடிப்பது நிலையத்தின் சொந்தப் பதிவேடு. எத்தனை உடை, எந்த வருடத்து உடை, எத்தனை அழைப்பு, எவ்வளவு மிச்சம் என்று எண்ணி வைத்திருப்பவருக்கு எழுதுவது சிரமமே இல்லை. ஆகவே வேலை விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை, உடை மாட்டும் அறையில் தொடங்குகிறது.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு டார்ச் லைட்

நாங்கள் அன்று மடக்கு மேசைகளை வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு மேல்கோட்டையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பினோம். தீயணைப்பு உடை மூன்று அடுக்கு: வெளியே கெட்டித் துணி, நடுவில் ஈரத்தைத் தடுக்கும் படலம், உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் தையலடுக்கு. வெளித்துணிக்கு ஒரு லேபிள், உள்ளடுக்குக்கு ஒரு லேபிள். இரண்டிலும் தயாரித்த தேதி இருக்கும். பழைய கோட்டுகளில் வியர்வையிலும் சலவையிலும் எழுத்து மங்கிப்போய், டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. வகுத்த 1851 என்ற தரவிதி சொல்வது எளிது: தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டு ஆனால் அந்த உடை பணியிலிருந்து விலக வேண்டும். பார்க்கப் புதிதாக இருந்தாலும் சரி, இரண்டே முறை போட்டிருந்தாலும் சரி. எங்கள் நிலையத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் கோட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உள்ளடுக்கைக் கழற்றி பளிச்சென்ற விளக்குக்கு எதிரே பிடித்தோம். தோள்பட்டையில், மூச்சுக் கருவியின் பட்டை அழுத்தும் இடத்தில், வெளிச்சம் பளீரென்று ஊடுருவி வந்தது. பஞ்சு நகர்ந்து அந்த இடம் வெறுந்துணியாகியிருந்தது. அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை, கோட்டைத் தனியாக வைத்துவிட்டார்.

அன்று எழுத வேண்டிய பட்டியல் இது: யாருடைய உடை, கோட்டு, காற்சட்டை, தலைக்கவசம் ஒவ்வொன்றின் தயாரிப்பு வரிசை எண், தயாரிப்பு மாதம், பழுது என்ன. பிறகு மூச்சுக் கருவிகளுக்கு வாருங்கள். முதுகில் மாட்டும் இந்தக் கருவியை எல்லோரும் எஸ்.சி.பி.ஏ. என்பார்கள். அது என்.எஃப்.பி.ஏ. 1981 என்ற தரவிதியின் (1981 ஆண்டு இல்லை, விதியின் எண்) எந்த வருடப் பதிப்பின்படி செய்யப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் உடைக்கான 1971, மூச்சுக் கருவிக்கான 1981 போன்ற தரவிதிகளை 1970 என்ற ஒரே எண்ணின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக வாங்குவதற்கு அந்த எண்ணையும் பார்ப்பீர்கள். சிலிண்டர்களையும் விடாதீர்கள். கார்பன் இழை சுற்றிய சிலிண்டர்களின் ஆயுள் பொதுவாக 15 ஆண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்து அந்தத் தேதியை மேலே ஒட்டியிருப்பார்கள்.

இதோடு மூன்று ஆண்டு அழைப்புப் பதிவுகள், மூன்று ஆண்டு வரவு செலவு, காயம்பட்டவர்கள் விவரம், உறுப்பினர் எண்ணிக்கை, வண்டிகளில் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கை. இருக்கை எதற்கு என்று தோன்றும். பிறகு சொல்கிறேன்.

எந்தப் பணம் இது

தீயணைப்பு நிலையங்களுக்குப் பாதுகாப்புக் கருவி வாங்கக் கிடைக்கும் மானியங்களில் பெரியது, அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமா நடத்தும் அசிஸ்டன்ஸ் டு ஃபயர்ஃபைட்டர்ஸ் கிராண்ட். ஏ.எஃப்.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நாடாளுமன்றம் 2000இல் சட்டம் போட்டு, 2001இல் முதல் மானியங்கள் போயின. 2024 நிதியாண்டுக்கு இதில் ஒதுக்கியது 29 கோடியே 16 லட்சம் டாலர். ஆள் சேர்க்க சேஃபர் என்ற மானியம் தனி, தீத்தடுப்பு விழிப்புணர்வுக்கு வேறொன்று தனி. உடை வேண்டும் என்று சேஃபரில் போய் நிற்காதீர்கள்.

சட்டத்திலேயே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சம்பள வீரர்கள் மட்டும் உள்ள நிலையங்கள், தன்னார்வலர் மட்டும் உள்ளவை, இரண்டும் கலந்தவை என்று மூன்று வகைக்கும் தலா குறைந்தது 25 சதவீதம் போய்ச் சேர வேண்டும். ஆக, பெரிய நகரத்து நிலையம் நம் பங்கையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் வேண்டாம். "நம்மைப் போன்ற சின்ன ஊருக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்" என்று சொல்லி விண்ணப்பிக்காமலே விட்ட நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். மனது கனக்கும்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் முதலில் போய்த் தீயணைக்க, ஊராட்சியுடனோ மாநிலத்துடனோ முறையான ஏற்பாடு உள்ள நிலையமே விண்ணப்பிக்க வேண்டும். நிலையத்தோடு சேர்ந்த மகளிர் துணைக்குழு, நிவாரணச் சங்கம் போன்றவை தனியாக விண்ணப்பிக்க முடியாது. பென்சில்வேனியாவில் நிலையம் ஒரு சங்கமாகவும் நிவாரண அமைப்பு இன்னொரு சங்கமாகவும் இருக்கும்; வங்கிக் கணக்கும் வரி எண்ணும் வேறு வேறு. எந்தப் பெயரில் போடுகிறோம் என்று முதலிலேயே தெளிவாக இருங்கள்.

பதிவு வேலையை மழைக்கு முன்பே முடியுங்கள்

ஏ.எஃப்.ஜி. சாளரம், அதாவது விண்ணப்பம் வாங்கும் காலம், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும். திறந்தால் ஐந்து வாரம் அளவுக்குத்தான் இருக்கும். எந்த மாதம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒருமுறை ஜனவரி கடைசியில் தொடங்கியது, இன்னொரு முறை நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அதற்குள் பதிவு வேலையும் எழுத்து வேலையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

மத்திய அரசின் பணம் பெறுகிறவர்கள் பதிவு செய்யும் சாம்.கவ் தளத்தில் நிலையத்தைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது யூ.ஈ.ஐ. என்ற 12 இலக்க எழுத்தெண் கிடைக்கும். 2022 ஏப்ரல் வரை இருந்த டன்ஸ் எண்ணுக்குப் பதில் வந்தது இது. பதிவு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்த சில நாளில் "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, இவ்வளவு கட்டுங்கள்" என்று தனியார் நிறுவனங்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். ஒரு டாலர் கூடக் கட்ட வேண்டாம்.

இங்கே நேரம் போவது பெயர்ப் பொருத்தத்தில். வரித்துறையில் உள்ள பெயர், வங்கியில் உள்ள பெயர், சாம் தளத்தில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் பதிவான நிலையம் ஒரு ஆவணத்தில் "நம்பர் 1" என்றும் இன்னொன்றில் "நம்பர் ஒன்" என்றும் இருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். எங்களுக்கு ஒருமுறை, பதிவை வைத்திருந்த பழைய பொருளாளர் ஊர் மாறிப் போய்விட்டார். கடவுச்சொல் அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் சாளரம் மூடிவிட்டது. அந்த வருடம் விண்ணப்பமே போகவில்லை. அன்று முதல் நிலையத்தின் பொது மின்னஞ்சல் முகவரி ஒன்றில்தான் எல்லாப் பதிவும், இரண்டு பேர் பெயரில்.

சாம் முடிந்ததும் ஃபீமா கோ என்ற தளத்தில் நிலையத்தின் கணக்கைத் தொடங்குங்கள். விண்ணப்பம், பணம் கேட்பது, அறிக்கை கொடுப்பது எல்லாம் அங்கேதான். கூடவே, தேசியத் தீ விபத்துப் பதிவு முறையில் உங்கள் நிலையம் அழைப்புகளைப் பதிகிறதா என்று பாருங்கள். நஃபிர்ஸ் என்ற பழைய முறைக்குப் பதில் இப்போது நெரிஸ். மானியம் வாங்கும் நிலையம் அதில் பதிய வேண்டும் என்பது நிபந்தனை.

எதைக் கேட்பது, எத்தனை கேட்பது

ஒவ்வொரு ஆண்டும் நிதி அறிவிப்பு ஒன்று வரும். நோஃபோ என்பார்கள். நூறு பக்கத்துக்கு மேல் போகும். அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். சென்ற ஆண்டு அப்படித்தானே இருந்தது என்று படிக்காமல் விடாதீர்கள். அதன் பின்பகுதியில் எந்தக் கருவிக்கு உயர்ந்த முன்னுரிமை, எதற்கு நடுத்தரம், எதற்குக் குறைவு என்று அட்டவணை இருக்கும். தீயணைப்பு உடை, எஸ்.சி.பி.ஏ. ஆகியவை மேலே இருப்பவை. அட்டவணையில் கீழே உள்ள பொருளை அதே விண்ணப்பத்தில் சேர்த்தால் மொத்த மதிப்பெண்ணும் கீழே வரும். நிலையத் தலைவரான சீஃபுக்குப் புதிய வெப்பக் கேமரா மீது ஆசை இருக்கலாம். காலாவதியான உடை இருக்கும்போது உடைதான் முதலில். இதை எடுத்துச் சொல்ல வேண்டியது விண்ணப்பம் எழுதுகிறவரின் பொறுப்பு.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்குத்தான் முன்பு சொன்ன இருக்கைக் கணக்கு. உடை ஆளுக்கு ஒன்று, எஸ்.சி.பி.ஏ. வண்டியின் இருக்கைக்கு ஒன்று. முப்பது உறுப்பினர் இருக்கிறார்களே என்று முப்பது கருவி கேட்டால், வண்டிகளில் 14 இருக்கைதான் என்பதை மதிப்பிடுகிறவர் உடனே பார்த்துவிடுவார். ஒரு கருவி என்றால் முதுகுச் சட்டகம், முகமூடி, இரண்டு சிலிண்டர் சேர்ந்தது. முகமூடி ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டுமானால் அதைத் தனி வரியாகக் கேளுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள்.

உடையைத் துவைக்கும் எக்ஸ்ட்ராக்டர் இயந்திரத்தை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். புகையில் உள்ள நச்சு துணியில் தங்கி, தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. 2022இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. அதற்கு முன்பு அமெரிக்கத் தொழிலிட சுகாதார நிறுவனமான நையாஷ், சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ, ஃபிலடெல்ஃபியா நகரங்களின் சுமார் 30,000 வீரர்களை ஆராய்ந்தபோது, பொது மக்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் 9 சதவீதமும் அதனால் வரும் சாவு 14 சதவீதமும் கூடுதலாக இருந்தது. தன்னார்வலர் என்ன செய்கிறார் தெரியுமா? தீயிலிருந்து வந்த உடையைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதே சீட்டில் மறுநாள் காலை குழந்தை உட்காருகிறது. நிலையத்திலேயே துவைக்க முடிந்தால் இது நிற்கும். இயந்திரத்தைப் பொருத்தக் கட்டடத்தில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தால் சுற்றுச்சூழல், பாரம்பரியக் கட்டட ஆய்வு ஒன்று கூடுதலாக வரும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பணக் கணக்கு

நிலையம் தன் பங்காகக் கொஞ்சம் போட வேண்டும். காக்கும் மக்கள்தொகை 20,000 வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 10, அதற்கும் மேல் 15. இதில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 5 சதவீதம் என்பது மொத்தச் செலவில் இல்லை, மத்திய அரசு தரும் தொகையில். ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். 14 உடைகள், ஒன்று 4,500 டாலர், மொத்தம் 63,000. அதை 1.05ஆல் வகுத்தால் அரசு தருவது 60,000. நம் பங்கு 3,000. கோழி வறுவல் விருந்து இரண்டு வாரயிறுதி நடத்தினால் ஒரு சின்ன ஊர் திரட்டிவிடக்கூடிய தொகை. பங்கு ரொக்கமாக இருக்க வேண்டும். "நாங்கள் உழைப்பாகத் தருகிறோம்" என்பது செல்லாது. ரொக்கமும் முடியாத அளவுக்கு ஊர் நொடித்திருந்தால் விலக்கு கேட்கவும் வழி உண்டு.

விலைக்கு இரண்டு மூன்று விற்பனையாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். வாங்கும்போது அவர்கள் எழுதித் தரும் விவரத்தை அப்படியே கொள்முதல் விதியாக வைக்காதீர்கள். விற்கிறவரே விதி எழுதி அவரே ஏலத்தில் போட்டியிட்டால் அது முறைகேடு; பின்னாளில் தணிக்கையில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். "மானியம் கிடைத்தால் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று வரும் விண்ணப்ப எழுத்தாளர்களையும் தவிருங்கள். அந்தக் கட்டணத்தை மானியத்தில் காட்ட முடியாது.

ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மானியம் வருகிறது என்று ஊராட்சி நிலையத்துக்குத் தரும் பணத்தைக் குறைத்துவிடக் கூடாது. முந்தைய இரண்டு நிதியாண்டுகளின் சராசரியில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம்.

எழுதுவது

விண்ணப்பம் இரண்டு வாசலைத் தாண்ட வேண்டும். முதல் வாசலில் மனிதர்கள் இல்லை. நீங்கள் கட்டங்களில் நிரப்பிய பதில்களை வைத்துக் கணினி மதிப்பெண் போடும். உடை எத்தனை வருடம் பழசு, இல்லாதவருக்கு வாங்குகிறோமா காலாவதியானதை மாற்றுகிறோமா, வாங்குவது நடப்புத் தரவிதிக்கு ஏற்றதா. திரையில் விரியும் பட்டியலில் ஒரு வரி தள்ளித் தேர்ந்தெடுத்தால் போதும், எவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தாலும் அந்த எழுத்தை யாரும் படிக்கப் போவதில்லை. கட்டங்களை இருவர் உட்கார்ந்து நிரப்புங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பட்டியலோடு ஒப்பிட.

இரண்டாம் வாசலில் குறைந்தது மூன்று பேர். நாட்டின் வேறு மூலைகளிலிருந்து வந்த தீயணைப்புத் துறையினர். அவர்களுக்குத் தீ தெரியும், உங்கள் ஊர் தெரியாது. நான்கு தலைப்புகளில் எழுதியதைப் படித்து அவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்: நிதித் தேவை, திட்ட விளக்கமும் செலவும், செலவுக்கேற்ற பயன், அன்றாடப் பணியில் அது தரும் மாற்றம். நான்குக்கும் சம எடை.

நிதித் தேவையில் எல்லோரும் எழுதுவது: "எங்கள் வருமானம் குறைவு, செலவு அதிகம்." இதைப் படித்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கற்பனையாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 96,000 டாலர். ஊராட்சி தருவது 48,000, பிங்கோவும் கோழி விருந்தும் 21,000, வீடு வீடாக அனுப்பும் நன்கொடைக் கடிதம் 15,000, மற்றவை 12,000. செலவில் காப்பீடு 22,000, வண்டிக் கடன் 27,000, எரிபொருளும் மின்சாரமும் 19,000, பழுதுபார்ப்பு 14,000, பயிற்சியும் மற்றவையும் 9,000. ஆண்டு முடிவில் மிச்சம் 5,000. 14 உடைக்கு 63,000 வேண்டும். மிச்சத்தை மட்டும் வைத்து வாங்கினால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் முதலில் வாங்கிய உடைகளின் பத்தாண்டு ஆயுளே முடிந்திருக்கும். இந்தக் கடைசி வரியைப் படிக்கிற வீரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அப்புறம், ஏற்கெனவே எங்கெல்லாம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். ஊரில் ஆலை மூடியிருந்தால், வரி கட்டாத அரசு நிலம் ஊரின் பெரும்பகுதியாக இருந்தால், அது இங்கே வர வேண்டியது.

திட்ட விளக்கத்தில் சனிக்கிழமைப் பட்டியல் கைகொடுக்கும். "எங்கள் உடைகள் மிகவும் பழையவை, வீரர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "22 உறுப்பினர்களில் 14 பேரின் உடை 2011க்கும் 2014க்கும் இடையே தயாரானது. அதில் 9 உடைகளில் ஈரத்தடுப்புப் படலம் சோதனையில் தோற்றது. நான்கு பேர் பக்கத்து நிலையம் கழித்துவிட்ட, தங்கள் அளவுக்குப் பொருந்தாத கோட்டைப் போடுகிறார்கள். சென்ற ஆண்டில் ஆறு முறை, தகுந்த உடை இல்லாததால் பயிற்சி பெற்றவர்களையே வெளியே நிற்க வைத்தோம்." உங்கள் பதிவேட்டில் இல்லாத எண் ஒன்றுகூட இதில் வரக் கூடாது. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

செலவுக்கேற்ற பயன் என்ற தலைப்பில் பலர் தடுமாறுகிறார்கள். வகுத்துக் காட்டுங்கள். 63,000ஐ 14 பேருக்கும் பத்து ஆண்டுக்கும் பிரித்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 450 டாலர். ஒரு தீக்காய சிகிச்சைச் செலவோடு ஒப்பிட இவ்வளவு போதும். பக்கத்து ஊர்களுக்கும் உதவிக்குப் போகிறீர்கள் என்றால் அந்த அழைப்புகளின் எண்ணிக்கையும் இங்கே சேரும்.

கடைசித் தலைப்பு பணியில் வரும் மாற்றம். இங்கே நாள், நேரம், இடம் வேண்டும். பகல் பத்து மணிக்கு அழைப்பு வந்தால் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் உள்ளே போகத் தகுதியான உடை உள்ளவர் எத்தனை பேர், மானியத்துக்குப் பின் எத்தனை ஆகும். உள்ளே இருவர் போனால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி எல்லா வீரருக்கும் தெரியும். அந்த நான்கு பேரை உங்களால் சேர்க்க முடிகிறதா இல்லையா என்று எழுதினால் அவர்கள் தங்கள் நிலையத்தையே நினைத்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்ததும் தீயணைப்போடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் என் மனைவியிடம் கொடுப்பேன். "14 பேர் என்கிறாய், அடுத்த பக்கத்தில் 15 என்று இருக்கிறதே" என்று ஒருமுறை கேட்டாள். விண்ணப்பத்தைக் கவிழ்ப்பதற்கு அது ஒன்றே போதுமானது. கடைசி நாள் மாலை தளம் திணறும். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து ஊர்களோடு சேர்ந்து

ஒரே சாலை விபத்துக்கு மூன்று ஊர் நிலையங்கள் போகும் இடங்களில், மூன்றும் மூன்று விதமான எஸ்.சி.பி.ஏ. வைத்திருந்தால் ஒருவர் சிலிண்டரை இன்னொருவர் மாட்ட முடியாது. அங்கே ஒரு நிலையம் தலைமை ஏற்று எல்லோருக்குமாக ஒரே விண்ணப்பம் போடலாம். நிலையங்களுக்கிடையே எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். மக்கள்தொகையைக் கூட்டித்தான் பங்கு சதவீதம் வரும் என்பதால் 20,000ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

கிடைக்காவிட்டால்

ஏ.எஃப்.ஜி.க்கு வரும் கோரிக்கை இருக்கிற பணத்தைவிட எப்போதும் பல மடங்கு. முதல் முறையே கிடைத்தவர்கள் குறைவு. மறுப்பு வந்தால் அதே கோப்பை எடுத்து எண்களைப் புதுப்பித்து மறுபடி போடுங்கள். நடுவில் வேறு கதவுகளையும் தட்டலாம்.

10,000 பேருக்குக் குறைவான கிராமப்புற ஊர்களுக்கு அமெரிக்க வனத்துறையின் வாலன்டியர் ஃபயர் அசிஸ்டன்ஸ் உண்டு. மாநில வனத்துறை வழியாக வரும். பாதிப் பணம் நாம் போட வேண்டும். காட்டுத்தீ உடை, ரேடியோ, பயிற்சி போன்றவற்றுக்குப் பொருத்தம். வேளாண் துறையின் கம்யூனிட்டி ஃபெசிலிட்டீஸ் திட்டம் 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு மானியமும் கடனும் தருகிறது. மாநிலங்களில் பென்சில்வேனியாவுக்கு மாநிலத் தீயணைப்பு ஆணையர் அலுவலகத்தின் ஆண்டு மானியம் இருக்கிறது. வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்களின் தீக்காப்பீட்டு வரி 2 சதவீதம் நிவாரணச் சங்கங்களுக்குப் போகிறது, அதில் உடை வாங்கலாம். டெக்சாஸில் டெக்சாஸ் ஏ அண்டு எம் வனத்துறை கிராமப்புற நிலையங்களுக்கு உதவுகிறது; அதன் ஹெல்பிங் ஹேண்ட்ஸ் திட்டத்தில் மற்றவர்கள் தரும் கருவிகளும் கைமாறும்.

அரசுக்கு வெளியே, ஃபயர்ஹவுஸ் சப்ஸ் உணவகத்தின் அறக்கட்டளை 2005 கத்ரினா புயலுக்குப் பின் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் வாங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் மூடிவிடும், திறந்த அன்றே போடுங்கள். தேசியத் தன்னார்வத் தீயணைப்புக் கவுன்சில் உடை தயாரிப்பாளர்களோடு சேர்ந்து உடைகளை இலவசமாகத் தருவதும் உண்டு. மிகச் சிறிய நிலையத்துக்கு நான்கு உடை என்றாலும் அது நான்கு பேர்.

கிடைத்த பிறகு

கடிதம் வந்த மகிழ்ச்சியில் உடனே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். ஃபீமா கோ தளத்தில் மானியத்தை ஏற்றுக்கொண்ட பிறகே எதுவும். மானியக் கடிதத்தில் உள்ள தொடக்க தேதிக்கு முந்தைய பில் செல்லாது. கொள்முதலுக்கு முறையாக விலைப்புள்ளி கேட்டு, யாரைத் தேர்ந்தோம், ஏன் என்று கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். சீஃபின் மைத்துனர் விற்பனையாளராக இருந்தால் அவரைத் தள்ளியே வையுங்கள்.

உடை தைத்து வர மாதக்கணக்கில் ஆகும். அளவெடுக்க வரும் நாளில் எல்லா உறுப்பினர்களும் இருக்க வேண்டும். வராதவர் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். எங்கள் கல்லூரிப் பெண்ணுக்கு அதுவரை ஆண்களின் கோட்டுதான், கை விரல் நுனி வரை தொங்கும். அவள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப் பிடித்து அளந்தபோது, "இதுதான் முதல் தடவை எனக்கென்று ஒரு கோட்டு" என்றாள்.

பொருள் வந்ததும் வரிசை எண்களைப் பதிந்து, பில்லோடு சேர்த்துப் பணம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிதி அறிக்கையும் வேலை அறிக்கையும் போக வேண்டும்; பணம் ஒன்றும் செலவாகாத ஆறு மாதத்துக்கும் "ஒன்றும் செலவாகவில்லை" என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை தவறினால் அடுத்த மானியத்துக்கே கதவு அடைபடும். மானியக் காலம் முடிந்த 120 நாளில் கணக்கை முடித்து, அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு எல்லாக் காகிதங்களையும் பத்திரமாக வையுங்கள்.

பழைய உடைகளை என்ன செய்வது? சிறிய நிலையத்துக்குக் கொடுத்து உதவலாமே என்று மனம் சொல்லும். காலாவதியான உடையை இன்னொருவர் போட்டுக்கொண்டு தீக்குள் போவதற்கு நாம் காரணமாக வேண்டாம். வெட்டிக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய எழுத்தில் "பயிற்சிக்கு மட்டும், தீக்குள் செல்லாதே" என்று எழுதி, நெருப்பில்லாப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். தோளில் வெளிச்சம் தெரிந்த அந்தக் கோட்டை நாங்கள் கத்தரியால் வெட்டினோம். மூத்தவர் தன் பெயர் எழுதிய பின்பக்கத் துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே அட்டவணையைத் திறந்து பதினான்கு புதிய வரிசை எண்களையும் தயாரிப்பு மாதங்களையும் ஏற்றினேன். பக்கத்தில் ஒரு நெடுவரிசை: விலக்க வேண்டிய தேதி, தயாரிப்பு மாதத்தோடு பத்து ஆண்டு கூட்டி. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று: அடுத்த விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டிய தேதி, அதற்கு மூன்று ஆண்டு முன்பாக.